புராக்ஸ்மாக்ஸ் பேக்கப்பிலிருந்து விஎம்களையும் தனிக் கோப்புகளையும் மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே இயந்திரத்தில் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் மென்பொருளை விற்கும் விஎம்வேர் நிறுவனம் 2023 நவம்பரில் பிராட்காம் கைக்குப் போய், உரிமக் கட்டண முறையும் மாறியது. அதன் பிறகு சிறிய அலுவலகங்களும் கல்லூரிகளும் அதே வேலையைச் செய்யும் புராக்ஸ்மாக்ஸ் பக்கம் வந்துகொண்டிருக்கின்றன. பேக்கப் எடுப்பதை எல்லோரும் முதல் வாரத்திலேயே அமைத்துவிடுகிறார்கள். கேள்விகள் எழுவது மீட்கும் நாளில்தான். கீழே உள்ள பதில்கள் புராக்ஸ்மாக்ஸ் விஇ-யில் விஎம்களை ஓட்டி, புராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரில் (இனி பிபிஎஸ்) சேமிப்பவர்களுக்கானவை. பிபிஎஸ் இல்லாமல் வெறும் டம்ப் கோப்பாக (முழு விஎம்மும் ஒரே கோப்பில்) வைத்திருப்பவர்களுக்கும் தனியாக ஒரு பதில் உண்டு.

சர்வர் படுத்துவிட்டது, பேக்கப் இருக்கிறது. முதலில் எதைத் தொட வேண்டும்?

ரீஸ்டோர் பொத்தானைத் தொடாதீர்கள். அதற்கு முன் 2 வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, உங்களுக்கு வேண்டிய பேக்கப்பைப் பிபிஎஸ்-இல் 'புரொடெக்டட்' என்று குறித்துவிடுங்கள். பழைய பேக்கப்புகளைக் கழிக்கும் புரூன் வேலை இன்றிரவும் வழக்கம்போல ஓடும். நீங்கள் பதற்றத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. குறித்து வைத்த பேக்கப்பை அது தொடாது.

இரண்டாவது, எது தொலைந்தது என்பதை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். ஒரு எக்ஸெல் கோப்பா, ஒரு டேட்டாபேஸ் அட்டவணையா, விண்டோஸ் பூட் ஆகாத கோளாறா, முழு டிஸ்க்கா? ஒரு கோப்பு தொலைந்ததற்கு முழு விஎம்மையும் நேற்றைய நிலைக்குத் திருப்பினால், இன்று காலையிலிருந்து மற்றவர்கள் செய்த வேலையெல்லாம் சேர்ந்து போய்விடும். தொலைந்தது எவ்வளவோ, மீட்பதும் அவ்வளவாகவே இருக்கட்டும்.

ரீஸ்டோர் அழுத்தினால் பழைய விஎம் என்ன ஆகும்?

எந்த இடத்திலிருந்து அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விஎம்மைத் திறந்து, அதன் 'பேக்கப்' பக்கத்திலிருந்து ரீஸ்டோர் கொடுத்தால் அதே எண்ணின் மேல்தான் எழுதும். இப்போதுள்ள டிஸ்க் அழிக்கப்பட்டு, பேக்கப்பில் உள்ளது அந்த இடத்துக்கு வரும். எச்சரிக்கை ஒன்று காட்டுவார்கள். அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. நடுவில் மின்சாரமோ நெட்வொர்க்கோ போனால் பழையதும் இருக்காது, புதியதும் முழுமையாக இருக்காது.

இடப்பக்கப் பட்டியலில் ஸ்டோரேஜைத் திறந்து, அங்குள்ள பேக்கப் பட்டியலிலிருந்து ரீஸ்டோர் கொடுங்கள். அங்கே புதிய விஎம் எண் கேட்கும். 105 கெட்டுப்போயிருந்தால் 905 என்று கொடுங்கள். பழையது ஓரமாக நிற்கட்டும். கெட்டுப்போன விஎம்மில்கூட, பேக்கப்புக்குப் பிறகு பதிவான சில மணி நேர வேலை மிச்சமிருக்கும். அதைப் பிறகு தோண்டி எடுக்கலாம். மேலெழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வருவது ஸ்டோரேஜில் இடமே இல்லாதபோது மட்டும்தான். அப்போதும் பழைய டிஸ்க்கை ஒரு வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டுச் செய்வதே என் வழக்கம்.

புதிய எண்ணில் மீட்ட விஎம்மை உடனே ஆன் செய்யலாமா?

கூடாது. அதற்குள் பழைய விஎம்மின் ஐபி முகவரியும் மேக் முகவரியும் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) அப்படியே இருக்கும். இரண்டும் ஒன்றாக ஓடினால் நெட்வொர்க்கில் யார் உண்மையான சர்வர் என்ற குழப்பம் வரும். ரீஸ்டோர் பெட்டியில் 'யூனிக்' என்பதை டிக் செய்தால் மேக் முகவரி மாறும். உள்ளே நிலையாக அமைத்த ஐபி மாறாது. ஆகவே 'ஸ்டார்ட் ஆஃப்டர் ரீஸ்டோர்' டிக்கை எடுத்துவிட்டு, நெட்வொர்க் கார்டின் அமைப்பில் 'டிஸ்கனெக்ட்' போட்ட பிறகே விஎம்மை எழுப்புங்கள்.

ஐபி மோதலைவிடச் சங்கடமான ஒன்று உண்டு. சர்வர்கள் சும்மா இருப்பதில்லை. நேரம் பார்த்து மின்னஞ்சல் அனுப்பும், எஸ்எம்எஸ் அனுப்பும், இன்னொரு சர்வரோடு தரவை ஒத்திசைக்கும். மூன்று நாள் பழைய பில்லிங் சர்வர் விழித்ததும், 'இன்னும் அனுப்பவில்லையே' என்று நினைத்து வாடிக்கையாளர்களுக்கு மறுபடி பில் அனுப்பத் தொடங்கலாம். நெட்வொர்க்கைத் துண்டித்து எழுப்பி, நேரம் பார்த்து ஓடும் கிரான் வேலைகளையும் (லினக்ஸ்) ஷெட்யூல்டு டாஸ்க்குகளையும் (விண்டோஸ்) நிறுத்திய பிறகு வெளியே விடுங்கள்.

ஒரு கோப்பு மட்டும் வேண்டும். முழு விஎம்மை இறக்காமல் எடுக்க முடியுமா?

பிபிஎஸ்-இல் பேக்கப் இருந்தால் முடியும். ஸ்டோரேஜ் பட்டியலில் பேக்கப்பைத் தேர்ந்தெடுத்து 'ஃபைல் ரீஸ்டோர்' கொடுங்கள். டிஸ்க்குகள், அவற்றுக்குள் பார்ட்டிஷன்கள், அதற்குள் கோப்புறைகள் என்று மரம்போல விரியும். வேண்டியதைத் தேர்ந்து பதிவிறக்கலாம்.

திறக்கும்போது சில நொடிகள் தாமதமாகும். உறைந்துவிட்டது என்று ஜன்னலை மூடிவிடாதீர்கள். பின்னணியில் ஒரு குட்டி விஎம் எழுந்து, பேக்கப்பிலுள்ள டிஸ்க்கைப் படிப்பதற்கு மட்டும் என்ற முறையில் மாட்டி, உங்களுக்குப் பட்டியலிட்டுக் காட்டுகிறது. விஎம்களை ஓட்டும் இயந்திரமான உங்கள் புராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்ட்டே அந்த டிஸ்க்கை நேரடியாக மவுன்ட் செய்வதில்லை (மாட்டித் திறப்பதில்லை). வைரஸ் புகுந்த விஎம்மின் டிஸ்க்கை ஹோஸ்ட்டின் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) தொடாமல் இருக்கத்தான் இந்தச் சுற்று வழி. நல்ல ஏற்பாடு.

கோப்புறையாக இறக்கினால் ஜிப்பாக வரும். அலுவலக ஆவணங்களுக்கு அது போதும். லினக்ஸ் சர்வரின் கோப்புறை என்றால் டார் வடிவத்தில் இறக்குங்கள். ஜிப்பில் கோப்பின் உரிமையாளர் விவரம் வராது, திரும்ப வைத்த பிறகு வெப்சர்வர் 'அனுமதி இல்லை' என்று முரண்டு பிடிக்கும். விண்டோஸில் எப்படி இறக்கினாலும், நீங்கள் கோப்பை வைக்கும் கோப்புறையின் அனுமதிகளையே அது எடுத்துக்கொள்ளும். சம்பளப் பட்டியலைப் பொதுக் கோப்புறையில் இறக்கி வைக்காதீர்கள்.

ஃபைல் ரீஸ்டோரில் டிஸ்க் தெரிகிறது, உள்ளே எதுவும் திறக்கவில்லையே?

பெரும்பாலும் அந்த டிஸ்க் விஎம்முக்கு உள்ளேயே என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கும். விண்டோஸில் பிட்லாக்கர், லினக்ஸில் லக்ஸ். சாவி விஎம்முக்குள் இருக்கிறது. வெளியிலிருந்து படிக்கிற குட்டி விஎம்முக்கு அது வெறும் இரைச்சல். ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், என்டிஎஃப்எஸ் போன்ற வழக்கமான கோப்பு அமைப்புகளும் டிஸ்க் இடத்தைப் பிரித்தாளும் லினக்ஸின் எல்விஎம்மும் திறக்கும்.

திறக்காதபோது செய்வது இது: முழு விஎம்மையும் புதிய எண்ணில் மீட்டு, நெட்வொர்க் இல்லாமல் எழுப்பி, உள்ளே புகுந்து கோப்பை எடுங்கள். பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்க வாய்ப்புண்டு. தொடங்குவதற்கு முன்பே அதைத் தேடி வையுங்கள்.

பிபிஎஸ் இல்லை. என்எஃப்எஸ் பகிர்வில் (நெட்வொர்க் கோப்புறை) விஎம்ஏ கோப்பாகத்தான் (புராக்ஸ்மாக்ஸின் டம்ப் வடிவம்) இருக்கிறது.

அதில் விஎம்முக்கு ஃபைல் ரீஸ்டோர் கிடையாது. முழுதாக மீட்டாக வேண்டும்.

எளிய வழி: புதிய எண்ணில் மீட்டு, ஆன் செய்யாமல், அதன் டிஸ்க்கைக் கழற்றி, உதவிக்கென்று வைத்திருக்கும் ஒரு லினக்ஸ் விஎம்மில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, படிப்பதற்கு மட்டும் என்று மவுன்ட் செய்வது. இங்கே 2 முட்டுக்கட்டைகள் வரும். உதவி விஎம்மும் அதே டெம்ப்ளேட்டிலிருந்து பிறந்ததாக இருந்தால், இரண்டு டிஸ்க்குகளின் அடையாளமும் ஒன்றாக இருக்கும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் ஒரே யுயுஐடி-யை (கோப்பு அமைப்பின் அடையாள எண்) இரண்டாம் முறை மவுன்ட் செய்ய மறுக்கும். மவுன்ட் கட்டளையில் 'நோயுயுஐடி' விருப்பத்தைச் சேர்த்தால் சரியாகும். எல்விஎம் என்றால் ஒரே பெயரில் இரண்டு வால்யூம் குரூப்கள் (எல்விஎம்மின் டிஸ்க் தொகுப்புகள்) மோதும். 'விஜிஇம்போர்ட்குளோன்' கட்டளை அதற்காகவே இருக்கிறது. இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் டெபியன் லைவ் ஐஎஸ்ஓ ஒன்றில் பூட் செய்யுங்கள். பாதி நேரம் நான் அதைத்தான் செய்கிறேன்.

பட்டியலில் உள்ள நேரம் தப்பாக இருக்கிறதே? நள்ளிரவு பேக்கப்புக்கு மாலை 6.30 என்று போட்டிருக்கிறது.

பிபிஎஸ் தன் பேக்கப்புகளுக்கு உலகப் பொது நேரத்தில் பெயர் வைக்கிறது. பெயரின் கடைசியில் 'இசட்' எழுத்து இருந்தால் அதுதான் அடையாளம். இந்தியா, இலங்கை நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டுங்கள். சிங்கப்பூர், மலேசியா என்றால் 8 மணி. 10-ஆம் தேதி 18.30 என்று பெயரிருந்தால், நமக்கு அது 11-ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவு. சின்ன விஷயம்தான், ஆனால் '10-ஆம் தேதி வேலை முடிந்த பிறகு எடுத்தது வேண்டும்' என்று ஒருவர் கேட்டு, இன்னொருவர் பெயரைப் பார்த்து தவறான நாளுடையதை மீட்டுக் கொடுப்பதற்கு இது போதும்.

டேட்டாபேஸில் ஒரு அட்டவணை மட்டும் அழிந்தது. அந்தக் கோப்பை மட்டும் எடுத்து வைத்தால் போதுமா?

போதாது, இருப்பதும் கெடும். மைஎஸ்கியூஎல்-இன் இன்னோடிபி அட்டவணைக்குத் தனிக் கோப்பு இருக்கலாம். ஆனால் அந்த அட்டவணை பற்றிய குறிப்புகளும் முடியாத பரிவர்த்தனைகளின் லாக்குகளும் வேறு கோப்புகளில் இருக்கின்றன. அவை எல்லாம் ஒரே நொடியைச் சேர்ந்தவையாக இருந்தால்தான் டேட்டாபேஸ் ஏற்கும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புறைக்குள் நேற்றைய கோப்பைச் செருகுவதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வழி வேறு. விஎம்மைப் புதிய எண்ணில், நெட்வொர்க் இல்லாமல் எழுப்புங்கள். டேட்டாபேஸ் தன் லாக்குகளைப் படித்துத் தானே நிமிர்ந்துகொள்ளும். அதிலிருந்து அந்த ஒரு அட்டவணையை டம்ப் எடுத்து, உண்மையான சர்வரில் வேறு பெயரில் இறக்கி, விட்டுப்போன வரிசைகளை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் நன்றாக நடக்க, விஎம்முக்குள் க்யூமு கெஸ்ட் ஏஜென்ட் (உள்ளே ஓடி ஹோஸ்ட்டோடு பேசும் சிறு நிரல்) நிறுவியிருக்க வேண்டும். பேக்கப் தொடங்கும் கணத்தில் அது கோப்பு அமைப்பை உறைய வைத்து விடுவிக்கும். விண்டோஸில் விஎஸ்எஸ் (அதன் சொந்த ஸ்னாப்ஷாட் சேவை) வழியாக இதைச் செய்யும். ஏஜென்ட் இல்லாத பேக்கப், ஓடும் கணினியின் மின்சாரத்தைப் பிடுங்கியது போன்ற நிலையில் இருக்கும். பெரும்பாலும் எழுந்துவிடும். பணம் புழங்கும் சர்வரில் அந்தப் 'பெரும்பாலும்' எனக்குப் போதாது. ஏஜென்ட் இருந்தாலும், டேட்டாபேஸின் சொந்த டம்ப்பைத் தினமும் தனியாக எடுங்கள்.

கன்டெய்னருக்கும் இதே முறைதானா?

கன்டெய்னர் என்பது ஹோஸ்ட்டின் கர்னலிலேயே ஓடும் இலகுவான விஎம் மாதிரி. அதில் கோப்பு எடுப்பது இன்னும் சுலபம். பிபிஎஸ்-இல் கன்டெய்னர்கள் டிஸ்க்காக இல்லாமல் கோப்புகளாகவே சேமிக்கப்படுகின்றன. ஆபத்து வேறிடத்தில். கூடுதலாக மாட்டிய மவுன்ட் பாயின்ட்கள் (தரவுக்கான தனி வால்யூம்கள்), நீங்கள் தனியாக டிக் செய்யாவிட்டால் பேக்கப்பில் வராது. ஹோஸ்ட்டின் கோப்புறையை உள்ளே காட்டும் பைண்ட் மவுன்ட் எப்போதுமே வராது. ஆனால் கன்டெய்னரின் மேலெழுதி மீட்கும்போது இப்போதுள்ள மவுன்ட் பாயின்ட் வால்யூம்களும் அழிக்கப்படும். பேக்கப்பில் இல்லாத தரவு, மீட்கும்போது அழிகிறது! கோப்புகளைப் பகிரும் நெக்ஸ்ட்கிளவுட் மாதிரியான கன்டெய்னர்களில் உண்மையான சொத்தே அந்த மவுன்ட் பாயின்ட்டில்தான் இருக்கும். கன்டெய்னரை மேலெழுதவே எழுதாதீர்கள்.

மீட்க எவ்வளவு நேரம் ஆகும்? மேலாளர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

1 கிகாபிட் நெட்வொர்க்கில் நடைமுறை வேகம் நொடிக்கு 110 எம்பி அளவு. 500 ஜிபி டிஸ்க்குக்கு சுமார் 75 நிமிடம். 2 டிபி-க்கு 5 மணி நேரம். இது நெட்வொர்க் மட்டுமே தடையாக இருந்தால். காலியான பகுதிகள் அனுப்பப்படுவதில்லை என்பதால் குறையவும் செய்யலாம்.

பிபிஎஸ் சாதாரண சுழலும் ஹார்ட்டிஸ்க்கில் இருந்தால் கணக்கு மாறும். விஎம் டிஸ்க்கை அது 4 எம்பி துண்டுகளாக நறுக்கி, ஒரே மாதிரியான துண்டுகளை ஒருமுறை மட்டும் வைக்கிறது. இடம் மிச்சமாவது இதனால்தான். மீட்கும்போது 500 ஜிபி-க்கு 1 லட்சத்தைத் தாண்டிய துண்டுகளை டிஸ்க்கின் மூலைமுடுக்கெல்லாம் தேடிப் பொறுக்க வேண்டும். எஸ்எஸ்டி-யில் இது தெரியாது. ஹார்ட்டிஸ்க்கில் நன்றாகவே தெரியும்.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. மீட்கக் கிடைத்த நகல் வேகம் குறைந்த டிஸ்க்கில் இருந்ததால், அதை நகலெடுக்கவே ஏறத்தாழ 18 மணி நேரம் ஆனது. மேலாளரிடம் ஒரு நேரம் சொல்வதற்கு முன், உங்கள் பெரிய விஎம்மை ஒரு சனிக்கிழமை மீட்டுப் பார்த்து எடுத்த நேரத்தைச் சுவரில் எழுதி வையுங்கள்.

லைவ் ரீஸ்டோர் என்று ஒன்று இருக்கிறதே, அதை டிக் செய்தால் உடனே ஓடுமாமே?

ஓடும். தரவு முழுவதும் வந்து சேர்வதற்கு முன்பே விஎம் எழுந்துவிடும். அது கேட்கும் பகுதியைப் பிபிஎஸ் முதலில் அனுப்பும், மற்றது பின்னால் வரும். பிபிஎஸ்-இல் உள்ள விஎம் பேக்கப்புக்கு மட்டும்தான் இது. நடுவில் இணைப்பு அறுந்தால், விஎம் எழுந்த பிறகு அதில் எழுதிய அத்தனையும் போய்விடும். படித்துக் காட்டும் வேலை செய்யும் வெப்சர்வருக்கு டிக் செய்யலாம். கணக்கு எழுதும் சர்வருக்கு நான் செய்ய மாட்டேன்.

மீட்டாயிற்று, ஆனால் விஎம் எழவில்லை.

பிழைச் செய்தியைப் படியுங்கள். பெரும்பாலும் காரணம் விஎம்முக்கு வெளியேதான் இருக்கும். சிடி டிரைவில் எப்போதோ மாட்டி மறந்த ஐஎஸ்ஓ இந்த ஹோஸ்ட்டில் இல்லை. டிரைவைக் காலி செய்யுங்கள். பழைய ஹோஸ்ட்டில் இருந்த இரண்டாவது பிரிட்ஜ் (விஎம்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் மெய்நிகர் சுவிட்ச்) இங்கே இல்லை; நெட்வொர்க் கார்டை இருக்கிற பிரிட்ஜுக்கு மாற்றுங்கள். பழைய இயந்திரத்தின் கிராஃபிக்ஸ் கார்டை நேரடியாக ஒப்படைத்திருந்தால் அந்த வரியை நீக்குங்கள். மீட்பு பாதியில் நின்றதால் 'லாக்ட்' என்று சொன்னால், பூட்டைத் திறந்து ஓட்ட முயலாதீர்கள். அது அரைகுறை விஎம், நீக்கிவிட்டு மறுபடி மீட்பதே சரி.

விண்டோஸ் எழுந்தது, ஆனால் டொமைனில் லாகின் ஆகவில்லை.

டொமைனில் (அலுவலகக் கணினிகளின் மையக் கணக்கு அமைப்பு) உள்ள ஒவ்வொரு விண்டோஸ் கணினிக்கும் ஒரு ரகசியக் கடவுச்சொல் உண்டு. இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை அதுவே மாற்றிக்கொள்ளும். மாற்றத்துக்கு முந்தைய பேக்கப்பை மீட்டால், டொமைன் அதை அடையாளம் காணாது. லோக்கல் அட்மின் கணக்கில் புகுந்து அந்தக் கடவுச்சொல்லை ரீசெட் செய்யலாம், அல்லது டொமைனை விட்டு வெளியே வந்து மறுபடி சேரலாம். லோக்கல் அட்மின் கடவுச்சொல் உங்களுக்குத் தெரியுமா என்று இன்றே பாருங்கள்.

டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரே போனால்? இன்னொன்று நலமாக ஓடிக்கொண்டிருந்தால் பழையதை மீட்காதீர்கள். புதிதாக ஒன்றை நிறுவிச் சேர்ப்பது சுத்தம்.

ரான்சம்வேர் புகுந்துவிட்டது. எந்தத் தேதி பேக்கப்பை எடுப்பது?

கோப்புகள் பூட்டப்பட்ட தேதிக்கு முந்தையது என்பது பாதி விடை. ஆள் உள்ளே நுழைந்தது அதற்கும் முன்னால் இருக்கலாம். பூட்டப்படுவதற்கு முந்தைய பேக்கப்பிலிருந்து தரவுக் கோப்புகளை மட்டும் எடுத்து, புதிதாக நிறுவிய விஎம்மில் வைப்பது நம்பகமானது. பழைய விண்டோஸை அப்படியே எழுப்பினால் திருடன் விட்டுப்போன கதவும் சேர்ந்து எழும்.

பேக்கப்பே பிழைத்திருக்க வேண்டுமே! புராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்ட் பயன்படுத்தும் பிபிஎஸ் கணக்குக்கு 'டேட்டாஸ்டோர்பேக்கப்' என்ற பாத்திரத்தை மட்டும் கொடுங்கள். எடுக்கலாம், மீட்கலாம், அழிக்க முடியாது. இரண்டாவது பிபிஎஸ் ஒன்றை வேறிடத்தில் வைத்து, அது முதலாவதிலிருந்து தானே இழுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். முதலாவதைப் பிடித்தவனுக்கு இரண்டாவதின் கடவுச்சொல் கிடைக்காது.

ஹோஸ்ட்டே எரிந்துபோனால்?

புதிய இயந்திரத்தில் புராக்ஸ்மாக்ஸை நிறுவி, பிபிஎஸ்-ஐச் சேர்த்து, ஒவ்வொன்றாக மீட்கலாம். விஎம்மின் அமைப்புகள் பேக்கப்புக்குள்ளேயே வரும். ஹோஸ்ட்டின் சொந்த அமைப்புகள் வராது: நெட்வொர்க், ஸ்டோரேஜ், பயனர்கள், பேக்கப் நேர அட்டவணை. அவற்றைத் தனியாக நகலெடுத்து வைக்க வேண்டும்.

பேக்கப்பை என்கிரிப்ட் செய்திருந்தால் சாவியும் அந்த ஹோஸ்ட்டில்தான் இருந்தது. சாவி போனால் பேக்கப்பும் போனதுதான். புராக்ஸ்மாக்ஸ் நிறுவனத்தாலும் திறக்க முடியாது. காகிதத்தில் அச்சிட ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். அச்சிட்டு அலுவலக லாக்கரில் வையுங்கள்.

பிபிஎஸ்-உம் அதே அறையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021 மார்ச் 10 சான்று. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் எஸ்பிஜி2 தரவு மையம் எரிந்து அழிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு இரண்டும் போயின.

ஸ்னாப்ஷாட் இருக்கும்போது பேக்கப் எதற்கு?

ஸ்னாப்ஷாட் (விஎம்மின் ஒரு கண நிலைப் பதிவு) அதே டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் போகும். தவிர, பேக்கப்பில் ஸ்னாப்ஷாட்கள் சேராது. மீட்ட விஎம்மில் பழைய ஸ்னாப்ஷாட் பட்டியலைத் தேடாதீர்கள்.

பிபிஎஸ்-இல் 'வெரிஃபை' பச்சையாக இருக்கிறது. அது போதாதா?

ஒவ்வொரு துண்டின் எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) பதிந்ததோடு ஒத்துப்போகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. வைத்தது கெடவில்லை. வைத்ததே சரியா, உள்ளே விண்டோஸ் எழுமா, டேட்டாபேஸ் திறக்குமா என்று அதற்குத் தெரியாது. மேலே சொன்ன கிட்லாப் நிகழ்வில், தினமும் ஓட வேண்டிய டேட்டாபேஸ் டம்ப் பதிப்பு முரண்பாட்டால் ஓடவேயில்லை. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாரையும் எட்டவில்லை. கடைசியில் காப்பாற்றியது, வேறொரு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்.

மாதம் ஒரு விஎம்மைத் தேர்ந்து, புதிய எண்ணில், நெட்வொர்க் இல்லாமல் எழுப்புங்கள். லாகின் செய்து, நேற்றைய தேதியிட்ட ஒரு பதிவைத் திறந்து பாருங்கள். பிறகு நீக்கிவிடலாம்.

புதிய எண்ணில் மீட்டது நன்றாக ஓடுகிறது. பழையதை எப்போது நீக்கலாம்?

ஒரு மாதக் கணக்கு முடியும்வரை வைத்திருங்கள், இடம் இருந்தால். நீக்குவதற்கு முன் 3 விஷயங்களைக் கவனியுங்கள். பேக்கப் வேலையில் விஎம்களை எண்களாகத் தேர்ந்திருந்தால், 905 அதில் இருக்காது, சேர்த்துவிடுங்கள். பிபிஎஸ் எண்ணை வைத்துத்தான் பேக்கப்புகளைத் தொகுக்கிறது. ஆகவே 905-க்குப் புதிய வரிசை தொடங்கும், பழைய வரலாறு 105-இன் கீழேயே கிடக்கும். அதையும் சேர்த்து அழித்துவிடாதீர்கள். முதல் பேக்கப் முழு டிஸ்க்கையும் படிப்பதால் நேரம் பிடிக்கும், ஆனால் பெரும்பாலான துண்டுகள் ஏற்கெனவே இருப்பதால் பிபிஎஸ்-இல் இடம் அதிகம் கூடாது. தொடக்கத்தில் போட்ட 'புரொடெக்டட்' குறியையும் எடுத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் அந்தப் பேக்கப் புரூனில் கழியாமல் அங்கேயே இருக்கும்.